பதினெட்டாயிரம் பைகளில் ஒரு சீட்டு

சம்பூர்ணம் என்ற பெயரை ஆண்டாயி முதன்முதலில் கேட்டது ஒரு வசவில்தான். எழுபதாம் வருஷம், ஆடி மாசத்துத் திங்கட்கிழமை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. ஆண்டாயி அங்கே பிரசவ வார்டில் ஆயா. வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் வந்தவள், சீட்டு ரூம் வாசலில், அந்த ரூமைப் பார்த்துக்கொண்டிருந்த பிச்சைமுத்து போட்ட சத்தத்தில் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"எவ அவ சம்பூர்ணம்? கூட்ட வந்தவ கூட்டிட்டுப் போவணும். பையத் தொடச் சொன்னது யாரு? பேரப் பாரு, பெரிய ஜமீன் வூட்டுப் பேரு!"

உள்ளே விளக்கமாற்றோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இருபது, இருபத்திரண்டு வயசுதான் இருக்கும். எறையூரில் கரும்பு வெட்டுகிற குடும்பத்துப் பெண். புருஷன் அய்யாக்கண்ணுக்கு ஆஸ்பத்திரி மாட்டுக்கொட்டகையில் வேலை கிடைத்தபோது, கூடவே இவளுக்கும் கூட்டுகிற வேலை கிடைத்தது. ஐந்தாவது வரைக்கும் படித்திருந்தாள். அதனால்தான் வினையே வந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காடாத் துணிப் பை. அந்த வீட்டில் யார் வந்து வைத்தியம் பார்த்தாலும் அவர்கள் சீட்டு அந்தப் பைக்குள் போகும். என்ன நோவு, என்ன மருந்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். அப்போதே பைகள் இரண்டாயிரத்தைத் தொட்டிருந்தன. பிச்சைமுத்து தினமும் விடிந்ததும் வந்து எல்லாப் பைகளையும் இறக்கிப் பெஞ்சுகளில் வரிசையாகப் பரப்பி வைப்பார். ஆள் வந்து நிற்கும்போது தேடக்கூடாது என்பது அவர் கணக்கு. இருநூறு பை இருந்த காலத்தில் அது சரியாகத்தான் இருந்தது. இரண்டாயிரம் ஆனதும் பத்து மணிக்கும் இறக்கிக்கொண்டே இருந்தார். வெளியே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். சாயந்தரம் எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டும். ஏற்றுகிற அவசரத்தில் ஒரு ஊர்ப் பை இன்னொரு ஊருக்குள் போய்விடும்.

அன்றைக்கு பிச்சைமுத்து வரத் தாமதமாகிவிட்டது. சம்பூர்ணம் எதையும் இறக்கவில்லை. வந்து நின்றவர்களைக் கேட்டுக் கேட்டு, அவரவர் பையை மட்டும் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

"தெனம் ரெண்டாயிரத்தையும் எறக்குறீங்க. நாப்பது பேருதான் வராங்க. வராதவங்கள எதுக்குண்ணே எழுப்பணும்?" என்று அவள் கேட்டது ஆண்டாயிக்குச் சிரிப்பாக இருந்தது. பிச்சைமுத்துவுக்கு இல்லை.

பின்னால் வந்து நின்ற பெரிய சிஸ்டர் வராந்தாவைப் பார்த்தார். மணி பத்தரைதான். கூட்டம் பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது. மறுவாரம் சம்பூர்ணத்தின் கையிலிருந்து விளக்கமாற்றை வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு, இவளிடம் சீட்டு ரூம் சாவியைக் கொடுத்தார்கள்.

சம்பூர்ணத்தின் வேலையை ஆண்டாயி பக்கத்திலிருந்து பார்த்தாள். ஆனா ஆவன்னா வரிசையெல்லாம் அவள் வைத்துக்கொள்ளவில்லை. பஸ் வரிசைதான். ரஞ்சன்குடிப் பக்கத்து பஸ்ஸுக்கு ஒரு அலமாரி, எறையூர் பஸ்ஸுக்கு ஒன்று, ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு இரண்டு, நடந்தே வருகிறவர்களுக்கு வாசலோரம் ஒன்று. அலமாரிக்குள் ஊர், ஊருக்குள் தெரு, தெருவுக்குள் வீடு. ரோட்டில் ஹாரன் கேட்டால் போதும், எந்த அலமாரிப் பக்கம் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வந்தவர்களிடம் பெயரைக் கேட்கமாட்டாள்.

"எந்த பஸ்ல வந்தீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது, "யாரு வூடு?"

செல்லப்பன் என்று பெயர் சொன்னால் ஒரே தெருவில் ஒன்பது செல்லப்பன் இருப்பார்கள். எல்லாரும் தாத்தா பெயரை வைத்துக்கொண்டவர்கள். வீட்டைச் சொன்னால் ஒரு செல்லப்பன்தான் வருவான்.

இன்னும் இரண்டு சட்டம் வைத்திருந்தாள். மகன் தனி அடுப்பு மூட்டினால் தனிப் பை. மகள் கட்டிக்கொண்டு போனால் அவள் சீட்டு புருஷன் வீட்டுப் பைக்கு, அந்த ஊர் பஸ் அலமாரிக்குப் போய்விடும். கல்யாணச் செய்தி காதில் விழுந்ததும் முதல் வேலையாகச் சீட்டை மாற்றிவிடுவாள். "பொண்ணு போயி சேர்றதுக்கு முன்னாடி சீட்டு போயி சேந்துடுதுடி" என்று ஆண்டாயி கேலி செய்வாள்.

பையின் வாயில் நூல் கட்டுவதும் சம்பூர்ணம் கொண்டுவந்ததுதான். காச நோய் இருந்த வீட்டுக்குப் பச்சை நூல். பென்சிலின் ஊசி ஆகாதவர்கள் இருக்கிற வீட்டுக்குச் சிவப்பு நூல். நர்ஸுக்குச் சீட்டைப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் நூல் கண்ணில் பட்டுவிடும். மகனுக்குத் தனிப் பை தைக்கும்போது தாய்ப் பையில் என்ன நூல் இருக்கிறதோ அதுவும் கூடவே போகும். கட்டிய நூலை யாரும் அவிழ்க்கக் கூடாது. இதில் அவளிடம் பேச்சே கிடையாது.

வரதராஜன்பேட்டை வீரம்மாளுக்கும் சம்பூர்ணத்துக்கும் வருஷா வருஷம் சண்டை நடந்தது அந்த நூலால்தான். வீரம்மாள் தாட்டியான மனுஷி. பெற்ற பிள்ளை ஒன்றுகூடத் தவறாத வயிறு. அவள் வீட்டுப் பையில் எழுபத்து நாலிலிருந்து சிவப்பு நூல் இருந்தது. அவளுடைய மூத்த மகன்கள் மூன்று பேர் தனி அடுப்பு வைத்ததும் மூன்று புதுப் பையிலும் சிவப்பு ஏறியது. அப்புறம் பேரன் பேத்திகளுக்கும் அதுவே. சளி பிடித்து வந்தாலும் புண் சீழ் பிடித்து வந்தாலும் அந்த வீட்டுக்காரர்களுக்கு ஊசி கிடையாது. கசப்பு மாத்திரைதான்.

"அடுத்த வூட்டுப் புள்ளைங்கள்லாம் ஒரு ஊசியோட ஓடியாடுதுங்க. எங்க வூட்டுக்கு மட்டும் எட்டு நாளு வேப்பங்கொட்டையா? நாங்க என்ன பாவம் பண்ணுனோம்?"

"உங்க எட்டாவதுக்கு ஆகலங்க. சீட்டுல இருக்கு. ஒண்ணுக்கு ஆகாதது மத்ததுக்கும் ஆவாமப் போனா?"

எட்டாவது என்றதும் வீரம்மாள் வாயை மூடிக்கொள்வாள். "அது எங்கம்மா இருக்கு? கூட்டியாறதே இல்லையே" என்று கேட்டால், "அது ரஞ்சன்குடிப் பக்கம் வளருது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உறவுக்காரர் வீட்டில் வளர்கிறது போல என்று சம்பூர்ணமும் விட்டுவிட்டாள்.

இனி ஆண்டாயி செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். எழுபத்தொன்றாம் வருஷத்துத் தை மாசம் அது. பொங்கலுக்கு சம்பூர்ணம் எறையூருக்குப் போயிருந்தாள். பத்து நாள் சீட்டு ரூம் சாவி ஆண்டாயியின் இடுப்பில் இருந்தது. ஆண்டாயிக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். எந்தப் பை யாருடையது என்று சம்பூர்ணம் சொல்லிக் கொடுத்த அடையாளத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பிரசவ வார்டில் வடக்குப் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி கிடந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது பெண் குழந்தை, ஐந்தே கால் பவுண்டு. அவள் குழந்தையைப் பார்க்கவே பயந்தாள். பிள்ளை தங்காத வீட்டில் வழக்கமாகச் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பிள்ளை தங்குகிற வீட்டுக்காரி ஒருத்திக்குக் குழந்தையைத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். அப்புறம் அது அவள் பிள்ளை. பெற்றவள் வளர்ப்பவள் மட்டும்தான். எமன் வந்து இவள் வீட்டில் தேடினால் இவள் பிள்ளை என்று ஒன்றும் இருக்காது. வாங்கியவள் யாரென்று குழந்தையின் தகப்பனுக்குக்கூடச் சொல்லக்கூடாது.

ஆண்டாயிதான் மாட்டுக்கொட்டகைக்குப் போய் அய்யாக்கண்ணுவிடம் மடி நிறையத் தவிடு வாங்கி வந்தாள். அடுத்த கட்டிலில் கிடந்தவள் அதில் ஒரு பிடி அள்ளிக் கொடுத்துக் குழந்தையை வாங்கினாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்குப் போகிற அன்றைக்குத் தாய்க்காரி ஆண்டாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, புள்ள சீட்ட என் பையில போட்டுடாதீங்க. வித்த புள்ளைக்கு என் பையில எடம் இருந்தா, வித்தது பொய்யாயிடும். அவங்க பையிலயே போட்டுடுங்க. உங்க கால்ல வுழுறேன்."

ஆண்டாயிக்கு மனசு கரைந்துவிட்டது. அடுத்த கட்டில்காரியின் பையை எடுத்து, குழந்தையின் சீட்டை அதற்குள் போட்டுக் கட்டிவிட்டாள். சம்பூர்ணம் திரும்பி வந்தபோது இதைச் சொல்லவும் இல்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாள். அந்தக் காலத்தில் இரண்டு மாசத்துக்கு ஒரு பிள்ளையாவது தவிட்டுக்குப் போகும். கொஞ்ச நாளில் அவளே மறந்துபோனாள்.

பதினேழு வருஷம் போனது. பைகள் பதினெட்டாயிரம் ஆகிவிட்டன. சீட்டு ரூமுக்குப் பக்கத்துச் சுவரை இடித்து இன்னொரு ரூமைச் சேர்த்தார்கள். சம்பூர்ணத்துக்கு நரை விழுந்தது, ஏணியில் ஏறினால் முட்டி வலித்தது. ஆனாலும் எந்தப் பையானாலும் ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரத்துக்குள் வந்துவிடும்.

எண்பத்தெட்டு வைகாசியில் ஆண்டாயி தன் மகன் தங்கராசுவுக்குக் கல்யாணம் செய்தாள். பெண் மலர்க்கொடி, ரஞ்சன்குடிக்குப் பக்கத்து ஊர். தகப்பன் நல்லுசாமி, தாயில்லாத பெண். தாலி கட்டி மூன்றாம் நாள், சம்பூர்ணம் நல்லுசாமி வீட்டுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டாயியைத் தேடி வந்தாள்.

"அக்கா, ஒரு சீட்டு கொறையுது."

"என்னடி கொறையுது?"

"உன் சம்பந்தி சம்சாரம் பஞ்சவர்ணம் சீட்டு இதுல இருக்கு. இங்கதான் புள்ள பெத்திருக்கா. பொறந்தது பொண்ணுன்னு இருக்கு. அந்தப் பொண்ணுதான உன் மருமவ? அவ சீட்டு எங்க?"

"போயி தொலையட்டும். புதுசா ஒண்ணு போட்டுக்க."

"போட்டாச்சு. ஆனா பொறந்த புள்ளைக்குச் சீட்டு இல்லாம இருக்காதுக்கா. எங்கயோ இருக்கு."

அதற்கப்புறம் ஒன்பது மாசமும், எதிரில் பட்டபோதெல்லாம் சம்பூர்ணம், "இன்னும் கெடைக்கலக்கா" என்றாள். ஆண்டாயி தலையில் அடித்துக்கொண்டாள். பதினெட்டாயிரம் பையில் ஒரு சீட்டுக்காக இப்படியா ஒருத்தி உருகுவாள் என்று.

மாசி மாசம் மலர்க்கொடிக்குப் பிரசவம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பார்கள். அங்கே தாய் இல்லை. அதனால் ஆண்டாயியே தன் வார்டில், தன் கைப்பட எல்லாம் பார்த்தாள். ஆண் குழந்தை. சுகப்பிரசவம். மூன்றாம் நாள் காலையில் மலர்க்கொடிக்குக் காய்ச்சல் தூக்கியது. உடம்பு தூக்கிப் போட்டது. கை வைத்தால் சுட்டது.

"அத்தை, குளுருது" என்று அவள் சொன்னபோது, எத்தனையோ பிரசவக் காய்ச்சலைப் பார்த்திருந்த ஆண்டாயி டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள். அந்தக் காய்ச்சலில் எழுந்தவர்களையும் அவளுக்குத் தெரியும், எழாதவர்களையும் தெரியும்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "பென்சிலின் போட்டுடலாம். பை வந்துருச்சா?"

பை வராமல் ஊசி இல்லை என்பது அங்கே கட்டளை. சம்பூர்ணமே ஆண்டாயி வீட்டுப் பையைக் கொண்டுவந்தாள். நூல் எதுவும் இல்லை. நர்ஸ் முதலில் தோலில் போட்டுப் பார்க்கிற சோதனை ஊசிக்கு மருந்தை ஏற்றினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நல்லுசாமி உள்ளே வந்தார். காலை பஸ்ஸில் வந்திருந்தார். கையில் மகளுக்குப் பூண்டும் பால்சுறாக் கருவாடும். மகள் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் கருவாட்டுப் பையைக் கீழே போட்டுவிட்டார்.

"நான் அப்பவே நெனச்சேன் தங்கச்சி. இந்த ஆஸ்பத்திரி இவளுக்கு ஆகாது."

"ஆஸ்பத்திரி ஆகாதா? என்னண்ணே பேச்சு இது?" ஆண்டாயிக்குக் கோபம் வந்தது.

"அவ அம்மா சொல்லிட்டுத்தான் செத்தா. மூணு வயசுல காய்ச்சல்னு இங்க தூக்கியாந்தாளாம். இங்க வச்சு மூச்சே நின்னுபோச்சாம். பொழச்சதே பெருசுன்னா. அதுலேருந்து இந்தப் பக்கமே வரல."

சம்பூர்ணம் நர்ஸின் கையைப் பிடித்தாள். "ஊசிய வைங்க சிஸ்டர்."

"என்ன சம்பூர்ணம்?" என்றார் டாக்டரம்மா.

"மூணு வயசுல இங்க வந்திருக்கு டாக்டரம்மா. அப்போ சீட்டு இருக்கு. அதப் பாக்காம போடாதீங்க. மூச்சு நின்னுதுங்கிறாரு. எதனால நின்னுதுன்னு அதுலதான் இருக்கும்."

"காய்ச்சல் நூத்தி நாலு. எவ்வளவு நேரம் நான் காத்திருக்கிறது? ஒன்பது மாசமா கிடைக்காத சீட்டு இப்ப எப்படிக் கிடைக்கும்?"

"அரை மணி நேரம் குடுங்க."

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி. அதுக்கு மேல முடியாது. ஈரத்துணி போட்டுக்கிட்டே இருங்க."

வராந்தாவுக்கு வந்ததும் சம்பூர்ணம் நல்லுசாமியை நிறுத்தினாள். "எந்த பஸ்ல வந்தா உங்க சம்சாரம்? யார் பேரு சொன்னா? ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

"எனக்கு என்னம்மா தெரியும். என்கிட்ட எதையும் சொல்லக் கூடாதுன்னுட்டா." நல்லுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தவுட்டுக்கு வித்த புள்ள."

ஆண்டாயிக்கு அந்தத் தை மாசம் ஞாபகம் வந்தது. தவிடு நிறைந்த மடியும், தன் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அந்த மெலிந்த முகமும் கண்ணில் வந்து நின்றன. வடக்குப் பக்கத்து ஊர்ப் பெண். ஐந்தே கால் பவுண்டு. அவள்தான் பஞ்சவர்ணம். அவள் மகளைத்தான் தன் மகனுக்குக் கட்டி வைத்திருக்கிறாள்.

"சம்பூர்ணம்," என்றாள். அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "அந்தச் சீட்ட நான்தான்டி மாத்திப் போட்டேன்."

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். சம்பூர்ணம் ஒரு வார்த்தை வையவில்லை. "யாரு பையில போட்ட?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியலயே! பேரு ஞாபகம் இல்ல. அடுத்த கட்டிலு. நல்ல தாட்டியா இருந்தா. ஆம்பளப் புள்ள பெத்துருந்தா. பதினெட்டாயிரம் பையில நான் எங்கன்னு போயி…"

"பதினெட்டாயிரம் எதுக்கு? தவுட்டுக்கு வாங்குறவ யாரா இருப்பா? புள்ளையே தவறாதவளாத்தான இருப்பா." சம்பூர்ணம் கண்ணை மூடிக்கொண்டாள். ஆண்டாயிக்குத் தெரியும், அவள் உள்ளுக்குள் அலமாரி அலமாரியாக நடக்கிறாள். திடீரென்று கண்ணைத் திறந்து நல்லுசாமியைப் பார்த்தாள். "நீங்க ரஞ்சன்குடிப் பக்கம்தான?"

"ஆமாம்மா."

"அட பாவி! ரஞ்சன்குடிப் பக்கம் வளருதுன்னாளே!"

முட்டி வலி எங்கே போனதோ, சம்பூர்ணம் ஓடினாள். ஆண்டாயி பின்னாலேயே ஓடினாள். ஜெயங்கொண்டம் பஸ் அலமாரி. வரதராஜன்பேட்டை. சம்பூர்ணம் ஏணியில் ஏறி, சிவப்பு நூல் கட்டிய ஒரு பையை உருவிக் கீழே போட்டாள். ஆண்டாயி அதை மடியில் ஏந்திக்கொண்டாள், அன்றைக்குத் தவிட்டை ஏந்தியது போலவே.

உள்ளே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சீட்டு. எட்டாவது சீட்டில் பெயர் 'பாப்பா' என்று மட்டும் இருந்தது. கீழே சிவப்பு மையில் நாலு வரி. ஆண்டாயியால் அதைப் படிக்க முடியவில்லை. சம்பூர்ணம் படித்தாள்.

"காய்ச்சல். பென்சிலின் சோதனை ஊசி. உடனே மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு. இனி ஒருபோதும் போடக்கூடாது." சீட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "டாக்டரு சொல்லச் சொல்ல நான் எழுதுனதுதான்க்கா. பஞ்சவர்ணம் அன்னிக்கு வீரம்மா பையத்தான் எடுக்கச் சொன்னா. புள்ளையோட சித்தின்னா. நானும் நம்பிட்டேன்."

அரை மணியில் பத்து நிமிஷம் பாக்கி இருந்தது.

டாக்டரம்மா பாப்பாவின் சீட்டையும், பஞ்சவர்ணத்தின் பிரசவச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே தேதி, ஒரே எடை. அப்புறம் வீரம்மாளின் சீட்டையும் எடுத்துப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சம்பூர்ணம், இந்த அம்மா ஏழாவது பிள்ளை பெத்த ரெண்டாவது நாள் எட்டாவது பெத்திருக்காங்க. பதினெட்டு வருஷமா யாரும் கவனிக்கலையா?"

சம்பூர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள். நர்ஸ், தான் ஏற்றி வைத்திருந்த ஊசியைத் தொட்டியில் பீய்ச்சிக் கொட்டினாள். அந்த மருந்து சாக்கடைக்குள் போவதைப் பார்த்தபோதுதான் ஆண்டாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுதாள். நல்லுசாமிக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. "என்ன தங்கச்சி, புள்ளைக்கு ஏதாச்சும்…" என்று பதறினார்.

"ஒண்ணுமில்லண்ணே. ஒண்ணும் ஆகல. ஆகாமப் போச்சு, அதான் அழுவுறேன்."

வேறு ஊசி போட்டார்கள். வீரம்மாள் வீட்டுக்காரர்கள் தின்கிற அந்தக் கசப்பு மாத்திரையும் கூடவே கொடுத்தார்கள். அன்று சாயந்தரமே குளிர் நின்றது. மறுநாள் மத்தியானம் மலர்க்கொடிக்கு வேர்த்துக் கொட்டியது. வேர்வையில் நனைந்த தலையணையை மாற்றும்போது, "அத்தை, பசிக்குது" என்றாள். ஆண்டாயி அந்தக் கருவாட்டைக் குழம்பு வைத்து ஊட்டிவிட்டாள்.

வீரம்மாளுக்கு யாரோ ஜெயங்கொண்டம் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஐந்தாம் நாள் காலையில், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். வந்ததும் மலர்க்கொடியின் கன்னத்தை வழித்துக்கொண்டாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் ஆரம்பித்தாள்.

"ஏங்க ஆயாம்மா, என் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணுனீங்களே, எனக்கு ஒரு பத்திரிகை வைக்கத் தோணலயே!"

"யாருன்னு தெரிஞ்சாத்தான வைக்கிறதுக்கு?" என்றாள் ஆண்டாயி.

"தாய்க்காரிக்குச் சேலை எடுக்காத கல்யாணம் எங்கயாச்சும் உண்டா? இதோ இந்த சம்பூர்ணம் இருக்காளே, இவ பண்ணுனதுக்கு நான் யார்கிட்டப் போயி சொல்றது? பதினஞ்சு வருஷம்! என் புள்ளைங்க, மருமவளுங்க, பேரப்புள்ளைங்க, அத்தன பேருக்கும் வேப்பங்கொட்டை!"

"நீங்க ஏங்க சொல்லல, அது தவுட்டுப் புள்ளைன்னு?" சம்பூர்ணம் விடவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நூல என்னிக்கோ மாத்தியிருப்பேன்ல?"

வீரம்மாள் குரலைத் தணித்துக்கொண்டாள். "அத எப்படிச் சொல்லுவேன்? வாங்குனவ வாயால 'என் புள்ள இல்ல'ன்னு சொன்னா அந்தப் புள்ளைக்கு ஆகுமா? ஊசி இல்லாட்டி என்ன, மாத்திரையத் தின்னுட்டுப் போறோம்னு விட்டுட்டேன். எனக்கு எட்டும் எட்டுதான்."

ஆண்டாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சம்பூர்ணம் அன்றைக்கே நாலு பைகளையும் எடுத்து வைத்தாள். கட்டிய நூலை அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே வந்தவள், டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, தன் கையாலேயே நாலு சிவப்பு நூலையும் அவிழ்த்தாள். புதுசாக ஒன்றை எடுத்து ஆண்டாயி வீட்டுப் பையில் கட்டினாள். பாப்பாவின் சீட்டை எடுத்து அந்தப் பைக்குள் போடப் போனபோது வீரம்மாள் அவள் கையைத் தட்டினாள்.

"தவுடு குடுத்து வாங்குன புள்ள. சும்மா தூக்கிட்டுப் போயிடுவீங்களா?"

ஆண்டாயி சிரித்துக்கொண்டே மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். அய்யாக்கண்ணு பல் போன வாயோடு, "இன்னிக்கு யாரு புள்ளைக்குக்கா?" என்று கேட்டான். மடியில் கொண்டுவந்த தவிட்டில் ஒரு பிடி அள்ளி வீரம்மாளின் முந்தானையில் போட்டாள். அதற்கப்புறம்தான் சீட்டு பை மாறியது.

அந்த வருஷத்திலிருந்து சம்பூர்ணம் மூன்றாவதாக ஒரு சட்டம் சேர்த்தாள். தவிட்டுக்குப் போன பிள்ளையின் சீட்டு வாங்கியவள் பையில் இருக்கலாம். ஆனால் பெற்றவள் பையில் ஒரு வெற்றுச் சீட்டு இருக்க வேண்டும். அதில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, ஒரு மஞ்சள் நூல் மட்டும் கட்டியிருக்கும். எமனுக்குப் புரியாது, பிள்ளையின் சீட்டு வேறொரு பையில் இருக்கிறது என்று நர்ஸுக்குப் புரியும். தாய்மார்கள் அதற்கு ஒத்துக்கொண்டார்கள். பழைய பைகளையும் அவள் விடவில்லை. இரண்டு வருஷம், வேலை ஓய்ந்த மத்தியானங்களில் ஆண்டாயியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பிரசவச் சீட்டுகளைப் பிள்ளைகளின் சீட்டுகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தாள். பதினொரு பிள்ளைகளின் சீட்டுகள் பை மாறிப்போய் இருந்தன. பதினொன்றையும் சேர்த்து வைத்தாள். அதில் ஒன்பது, சம்பூர்ணம் ஊருக்குப் போகும்போதெல்லாம் சாவியை வைத்திருந்த ஆண்டாயி போட்டது.

"நல்ல வேளைக்கா, உனக்கு எழுத்து இன்னும் கொஞ்சம் கூட வந்திருந்தா ஊரையே மாத்தியிருப்ப" என்று சம்பூர்ணம் சொல்லிச் சிரித்தாள்.

அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்த மலர்க்கொடிக்கு அப்புறம் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். சம்பூர்ணம் வேலையிலிருந்து நின்றபோது சாவியை மலர்க்கொடியிடம்தான் கொடுத்தார்கள். அவள் பத்தாவது படித்தவள்.

சம்பூர்ணம் இப்போது பெரம்பலூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மகள் வீட்டில் இருக்கிறாள்.